கட்டுரை நோட்டில் மாணவரின் சொந்தக் குரலை வரவழைப்பது எப்படி?

ஒரே தலைப்பில் எழுதிய நாற்பது கட்டுரை நோட்டுகளைத் திருத்தும் தமிழாசிரியருக்கு இது பழகிப்போன விஷயம். பத்தாவது நோட்டைத் தாண்டிய பிறகு, எழுதியது யார் என்று அட்டையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். "நீரின்றி அமையாது உலகு என்பது வள்ளுவர் வாக்கு" என்று முன்னுரை தொடங்கும். "இன்றைய அவசர உலகில்" என்று அடுத்த பத்தி வரும். "எனவே நாம் அனைவரும் உறுதியேற்போம்" என்று முடிவுரை வரும். சந்தி சரியாக இருக்கும், கையெழுத்தும் நன்றாக இருக்கும். எழுதிய பிள்ளையை மட்டும் அதில் காண முடியாது.

அதே பிள்ளை மதிய இடைவேளையில் தன் தெருவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை ஒளித்துவைப்பது, எந்த இடத்தில் குரலை இறக்குவது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சொந்தக் குரலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வாயிலிருந்து நோட்டுக்குப் போகும் வழியில் அது எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்து அந்த இடங்களை அடைத்தால் போதும். 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்க் கட்டுரை எழுதும் மாணவர்களையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்த முறைகளைத் தருகிறோம்.

எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள்

ஒரே தலைப்பில் எழுதிய ஐந்து நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோட்டுகளில் ஒரேமாதிரி வரும் வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பிறகு, எந்த ஊரில் இருப்பவரும் எதையும் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய வாக்கியங்களையும் அடிக்கோடிடுங்கள். கோடு விழாமல் மிஞ்சுவதுதான் அந்தப் பிள்ளையுடையது. பெரும்பாலும் அது பொருளுரையின் நடுவில், கைதவறி விழுந்ததுபோல இரண்டு மூன்று வரியாகக் கிடைக்கும். "எங்கள் ஊர் ஏரியில் இப்போது ஆகாயத்தாமரைதான் இருக்கிறது, மீன் பிடிப்பவர்கள் வருவதில்லை" என்பதுபோல ஒரு வரி. அடுத்த கட்டுரை அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோட்டின் ஓரத்தில் அதற்கு நேராக ஒரு கோடு போட்டு, "இதை இன்னும் ஒரு பக்கம் எழுது" என்று குறித்துக் கொடுங்கள்.

மிஞ்சியது ஒன்றுமே இல்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. கரும்பலகையில் மாதிரிக் கட்டுரை எழுதிப் போட்டிருந்தாலோ, நோட்ஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதியதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தாலோ, அதையேதான் பிள்ளைகள் திருப்பித் தருவார்கள். பேச்சு வழக்குச் சொல் ஒன்று வந்ததும் சிவப்பு மையால் அடித்தவரின் நோட்டில் இனி யாரும் துணிந்து எழுத மாட்டார்கள். இந்த மூன்று காரணங்களும் பெரியவர்கள் பக்கம் இருக்கின்றன.

தலைப்பைக் கைக்கு எட்டும் அளவுக்குச் சுருக்குங்கள்

"சுற்றுச்சூழல் மாசு" என்ற தலைப்பில் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. தலைப்பு அவ்வளவு பெரியது. அதை மூன்று படியாக இறக்க வேண்டும். முதல் படி, இடம்: எங்கள் ஊர் ஏரிக்கரை. இரண்டாம் படி, நேரம்: செவ்வாய்ச் சந்தை முடிந்த மாலை. மூன்றாம் படி, ஒரு பொருள் அல்லது ஓர் ஆள்: கோஸ் இலையையும் கிழிந்த சாக்கையும் கரையில் கொட்டிவிட்டுப் போகும் தள்ளுவண்டி. இந்த மூன்றும் அமைந்துவிட்டால் மாசு என்ற சொல்லை எழுதாமலேகூட ஒரு பக்கம் ஓடிவிடும்.

இறக்கிய பிறகு பத்துக் குறிப்பு எடுக்கச் சொல்லுங்கள். கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது எதுவானாலும் சரி. ஒரு குறிப்புக்கு நாலு சொல் போதும். பிறகு, நேரில் போகாதவரும் எழுதியிருக்கக் கூடியவற்றை அடித்துவிட வேண்டும். "குப்பை நாற்றம் அடித்தது" போய்விடும். "நாய்கள் கோஸ் இலையைத் தொடவில்லை, மாடுதான் தின்றது" நிற்கும். பத்தில் நாலு குறிப்பாவது மிஞ்சவில்லையென்றால் எழுதத் தொடங்க வேண்டாம். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மிஞ்சும் குறிப்புகளில் ஒன்றாவது எதிர்பாராததாக, ஏன் இப்படி என்று கேட்க வைப்பதாக இருந்தால் கட்டுரை நன்றாக வரும்.

பத்தாம் வகுப்பில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று ஒரு படத்தைக் கொடுத்து எழுதச் சொல்லும் பயிற்சி இருக்கிறதே, அது இதற்கென்றே அமைந்ததுபோன்ற வாய்ப்பு. ஆனால் பல இடங்களில் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி சில வரிகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறார்கள். படத்தில் இருப்பது மழையா, மரமா, உழவரா என்ற ஒரு சொல் மட்டும் மாறும். அதைத் தடுக்க எளிய வழி உண்டு. படத்தை ஒரு நிமிடம் காட்டி மறைத்துவிடுங்கள். யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் என்ன இருந்தது, காலில் செருப்பு இருந்ததா என்று கேளுங்கள். மறுபடி காட்டுங்கள். இரண்டாம் முறை பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். எழுதுவது அதற்குப் பிறகு.

பேசிவிட்டு எழுதுங்கள்

எல்லா முறைகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான். 45 நிமிடப் பாடவேளைக்குள் முடித்துவிடலாம்.

இருவர் இருவராக உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் மூன்று நிமிடம் தன் குறிப்புகளை வைத்துப் பேச வேண்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, தனக்கு மேலும் தெரிந்துகொள்ளத் தோன்றிய மூன்று இடங்களைக் கேள்வியாகக் குறித்துத் தர வேண்டும். "குடத்தை நகர்த்தியது யார்?", "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்பதுபோல. பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் 12 நிமிடம். அடுத்த 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதுவது. அழிப்பான் கிடையாது, சொல் கிடைக்காவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். மீதி நேரம் தான் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுவது. வீட்டில் தனியாகச் செய்பவர்கள் செல்போனில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டபடியே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு சிறு பகுதியை அருகில் வைத்துப் பார்ப்போம். தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி ஒரு மாணவி இப்படிப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வரும். அதுவும் விடிகாலைல அஞ்சு மணிக்கு. அம்மா ராத்திரியே கொடத்த வரிசைல வச்சிட்டு வந்துருவாங்க. பச்சக் கொடம் எங்களுது. ஒரு நாள் யாரோ அத நகத்தி வச்சிட்டாங்க. அன்னைக்குப் பக்கத்து வீட்ல ரெண்டு கொடம் கடன் வாங்குனோம்."

நோட்டைத் திறந்ததும் அதே மாணவி எழுதுவது:

"எமது வீதியில் இரு தினங்களுக்கு ஒருமுறை மட்டுமே நீர் விநியோகிக்கப்படுகிறது. இதனால் மக்கள் பெரும் இன்னலுக்கு ஆளாகின்றனர். இல்லத்தரசிகள் இரவு முதலே காத்திருக்க வேண்டிய அவல நிலை நிலவுகிறது."

பச்சைக் குடம் போய்விட்டது. அம்மா இல்லத்தரசிகள் ஆகிவிட்டார். கடன் வாங்கிய இரண்டு குடம் "பெரும் இன்னல்" ஆகிவிட்டது. தெரு ஏன் வீதி ஆனது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது பேசியதையே எடுத்து, ஒலியையும் விகுதியையும் மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்:

"எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. முதல்நாள் இரவே அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். பச்சைக் குடம் எங்களுடையது. ஒருநாள் யாரோ அதை நகர்த்தி வைத்துவிட்டார்கள். அன்று பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கினோம்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது. பேசிய பெண்ணும் அப்படியே இருக்கிறாள். முதல் மாதம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழக்கினால் போதும்: சொற்களின் வரிசையை மாற்றாதே, பெயர்களை உயர்த்தாதே, விகுதியை மட்டும் திருத்து.

குரல் எந்தெந்த உறுப்புகளில் இருக்கிறது

பெரிய சொற்களிலோ உவமைகளிலோ குரல் இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தமிழில் அது பெரும்பாலும் சின்னச் சின்ன ஒட்டுகளில் இருக்கிறது. "தாத்தா கடைக்குப் போனார்" என்பது செய்தி. "தாத்தாதான் கடைக்குப் போனார்" என்றால் வேறு யாரும் போகவில்லை என்ற குறை தெரிகிறது. "தாத்தாவும் கடைக்குப் போனார்" என்றால் துணைக்கு ஒருவர் இருக்கிறார், அல்லது அதற்கு முன்பே பலர் போயிருக்கிறார்கள். "தாத்தாவே கடைக்குப் போனார்" என்றால் வழக்கமாகப் போகாதவர் போயிருக்கிறார். "தாத்தா கடைக்குத்தான் போனார்" என்றால் யாரோ அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். தான், உம், ஏ, ஓ என்ற இந்த நாலும் சொல்பவரின் மனநிலையைச் சுமக்கின்றன. மனப்பாடக் கட்டுரைகளில் இவை அநேகமாக இருக்காது. ஒரே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து விதமாக மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிட விளையாட்டுதான். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

அடுத்து வினைமுற்று. திகழ்கிறது, விளங்குகிறது, நிலவுகிறது, காணப்படுகிறது, இன்றியமையாததாகும் ஆகிய ஐந்தும் கட்டுரை நோட்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவற்றில் எதுவும் ஒரு செயலைக் காட்டுவதில்லை. திருத்தும்போது இவற்றை வட்டமிட்டு, "அங்கே யார் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். "நூலகத்தில் கூட்டம் காணப்படுகிறது" என்பது "நாற்காலி கிடைக்காதவர்கள் நாளிதழை நின்றபடியே படிக்கிறார்கள்" என்று மாறும். "-ப்படுகிறது" என்று முடியும் செயப்பாட்டு வினைகளுக்கும் இதே கேள்விதான். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் செயப்பாட்டு வினை சரியே. தெரிந்திருந்தும் மறைப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் வாக்கியம் உயிரற்றுப் போகும்.

நாம், நாங்கள் என்ற இரண்டையும் வேறுபடுத்தும் வசதி நம் மொழியில் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் பயன்படுத்தட்டும். "நாம் மரம் வளர்க்க வேண்டும்" என்பது மேடைக் குரல். "நாங்கள் நட்ட ஏழு புங்கங்கன்றுகளில் மூன்றை ஆடு தின்றுவிட்டது" என்பது நட்டவரின் குரல். ஒரு கட்டுரையில் "நாம்" இரண்டுமுறைக்கு மேல் வந்தால் மூன்றாவதை "நாங்கள்" ஆக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அந்த இடத்தில் சொல்லச் சொந்தச் செய்தி இல்லை என்று அர்த்தம். "நான்" என்பதையோ எல்லா வாக்கியத்திலும் எழுதத் தேவையில்லை. "போனேன்" என்றாலே நான்தான்.

வாக்கிய நீளத்திலும் கவனம் வேண்டும். "எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி, பேருந்து ஏறி, ஊர் சேர்ந்து" என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போவது பிள்ளைகளின் வழக்கம். பேச்சில் அது இனிக்கும், எழுத்தில் மூன்றுக்கு மேல் போனால் எது முக்கியம் என்று தெரியாமல் போகும். முக்கியமான செயலுக்கு முன் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அதைத் தனி வாக்கியமாக விட்டால் அங்கே அழுத்தம் தானாக விழும்.

வட்டார வழக்கைப் பற்றிப் பல ஆசிரியர்களுக்குத் தயக்கம் உண்டு. எளிய விதி ஒன்று போதும். எடுத்துச்சொல்லும் பகுதியில் வினை விகுதிகள் எழுத்து வழக்கில் இருக்க வேண்டும். ஒருவர் பேசுவதை மேற்கோள் குறிக்குள் எழுதும்போது அவர் பேசியபடியே இருக்கலாம். பெயர்ச்சொற்கள் அந்தந்த ஊர்ப் பெயராகவே இருக்கலாம். கொங்கு நாட்டுப் பிள்ளை மானாவாரி நிலத்தைக் காடு என்றும் கிணற்றுப் பாசன நிலத்தைத் தோட்டம் என்றும் எழுதட்டும். காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளை கழனி என்று எழுதட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வளவு என்றும் கதைத்தோம் என்றும் எழுதட்டும். எல்லாவற்றையும் வயல், வீட்டுமனை, உரையாடினோம் என்று மாற்றினால் ஊரே அழிந்துபோகும். அம்மா "வருவார்" என்பதா "வருவாள்" என்பதா என்பதும் அந்த வீட்டு வழக்கைப் பொறுத்தது. இரண்டையும் கலக்காமல் ஒன்றையே கடைசிவரை பிடித்தால் போதும்.

மேற்கோளும் பழமொழியும்

ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள். அதுவும் முதல் வரியில் வேண்டாம். மேற்கோளை எடுத்துவிட்டுப் படித்தால் கட்டுரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அங்கே மேற்கோள் மட்டும்தான் இருந்தது.

மேற்கோளோடு பேசவும் பழக்கலாம். 20-ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்.

"நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும்
வானின்று அமையாது ஒழுக்கு"

பெரும்பாலான நோட்டுகளில் இதன் முதல் மூன்று சொல் மட்டுமே வருகிறது. கடைசிச் சொல்லுக்குப் பரிமேலழகர் இடையறாத நீரோட்டம் என்று பொருள் கொள்கிறார். ஒழுக்கம் என்று கொள்பவர்களும் உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் வரிசையில் நிற்பவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்த பிள்ளை இரண்டாவது பொருளைச் சட்டென்று புரிந்துகொள்ளும். "நகர்த்தி வைத்த குடத்தால் இரண்டு வீட்டுக்குள் மூன்று நாள் பேச்சில்லை" என்று எழுதிவிட்டு அதன்பின் இந்தக் குறளைக் கொண்டுவந்தால், குறளும் புதிதாகத் தெரியும், எழுதியவரும் தெரிவார்.

தன்னைப் பற்றி எழுதாத கட்டுரையிலும் குரல் உண்டு

சொந்தக் குரல் என்றால் "நான்" என்று எழுதுவது, சொந்தக் கதை சொல்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறான எண்ணம். அறிவியல் செய்முறைக் குறிப்பிலும் வரலாற்று விடையிலும் எதை முன்னால் வைப்பது என்ற தேர்விலேயே குரல் வந்துவிடும். பச்சைப்பயறு முளைக்கும் சோதனையை எல்லாரும் "தேவையான பொருள்கள்" என்று தொடங்கி வரிசையாக எழுதுவார்கள். வடிவத்தை மாற்ற வேண்டாம். "கண்டறிந்தவை" என்ற பகுதியில் மட்டும், "இருட்டில் வைத்த பயறுதான் வெளிச்சத்தில் வைத்ததைவிட நீளமாக வளர்ந்தது. ஆனால் தண்டு வெளுத்து, நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்தது" என்று முதலில் எழுதினால், எது தன்னை வியக்க வைத்தது என்று அந்தப் பிள்ளை காட்டிவிடுகிறது. கருத்துக் கட்டுரைகளில் இன்னும் எளிது. "செல்போன் நன்மையா தீமையா" என்று கேட்டால் இரு பக்கமும் சமமாக எழுதி நடுவில் நிற்காமல், எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து, எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான ஒரு காரணத்தை மட்டும் எடுத்துப் பதில் சொல்லட்டும்.

திருப்பிப் படிப்பதற்கு நன்னூல் தரும் அளவுகோல்

முதல் வரைவை ஒரு நாளாவது ஆறப்போட்டுவிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். நாக்கு தடுக்கும் சொல் பெரும்பாலும் இரவல் சொல்லாகத்தான் இருக்கும்.

இதற்குமேல் ஒரு பட்டியல் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே அடுக்கியிருக்கிறார். அதில் நாலு நமக்கு நேரடியாக உதவும். கூறியது கூறல்: முன்னுரையில் சொன்னதையே முடிவுரையில் சொல் மாற்றிச் சொல்லியிருக்கிறோமா? வெற்றெனத் தொடுத்தல்: பொருளில்லாமல் சொற்களை மட்டும் கோத்திருக்கிறோமா? "அல்லும் பகலும் அயராது பாடுபட்டு" போன்ற தொடர்கள் இங்கே சிக்கும். மற்றொன்று விரித்தல்: ஏரியைப் பற்றித் தொடங்கி உலக வெப்பமயமாதலுக்குப் போய்விட்டோமா? சென்று தேய்ந்து இறுதல்: முதல் பத்தியில் இருந்த சூடு போகப்போகக் குறைந்து, கடைசிப் பத்தி கடமைக்கு எழுதியதாக இருக்கிறதா? கடைசியாகச் சொன்ன குற்றம்தான் மாணவர் கட்டுரைகளில் அதிகம். அதற்கு மருந்தாக, குறிப்புகளில் மிகச் சிறந்ததைக் கடைசிப் பத்திக்கென்று எடுத்துவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கச் சொல்லலாம்.

முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. பல கட்டுரைகள் உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றன.

திருத்துபவர் செய்ய வேண்டியது

சிவப்பு மையில் வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். மாற்றி எழுதியது உங்கள் குரல். ஓரத்தில் கேள்வி கேளுங்கள்: "எந்த மரம்?", "யார் சொன்னது?", "அப்போது நீ எங்கே நின்றாய்?" ஒரு கட்டுரைக்கு மூன்று கேள்வி போதும். நன்றாக இருக்கும் வரிக்கு நேராக ஒரு கோடு போட்டு, ஏன் நன்றாக இருக்கிறது என்று ஐந்தாறு சொல்லில் எழுதுங்கள். "அருமை" என்று மட்டும் எழுதினால் அடுத்தமுறை எதைத் திரும்பச் செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது.

பிழைகளை ஒரே நாளில் எல்லாம் பிடிக்க வேண்டாம். ஒரு கட்டுரைக்கு இரண்டு வகை மட்டும்: இந்த வாரம் ல, ள, ழ வேறுபாடும் வல்லினம் மிகும் இடங்களும். மற்றவை அடுத்த வாரம். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்த நோட்டுக்காரர், அடுத்த கட்டுரையில் தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதுவார். அவரிடமிருந்து குரல் போவதற்கு இதுவே பெரிய காரணம். பிழைதிருத்தம் தேவைதான், ஆனால் அது கடைசி வரைவுக்குரிய வேலை.

மதிப்பெண்ணிலும் இதற்கு இடம் வேண்டும். வகுப்புத் தேர்வில் 10 மதிப்பெண் கட்டுரை என்றால், சொந்தமாகக் கண்டறிந்த செய்திகளுக்கு 3 என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் எதிர்பார்த்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். சொந்தமாக எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் வீட்டுத் துன்பங்களை எழுதுவார்கள்: குடி, கடன், சண்டை, இழப்பு. அதை வகுப்பில் படித்துக் காட்டக் கூடாது, பாராட்டுகிற நோக்கத்திலும் கூடாது. "இதைப் படிக்க வேண்டாம்" என்று மேலே எழுதும் உரிமையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். சோகமாக எழுதினால்தான் நல்ல மதிப்பெண் என்ற எண்ணமும் வரவிடக் கூடாது. செருப்பு தைப்பவரின் கருவிகளைக் கவனித்து எழுதியதும், மழை நின்ற பின் மைதானத்தைப் பற்றி எழுதியதும் அதே அளவு பாராட்டுக்குரியவை.

வழிதவறும் இடங்கள்

சொந்தக் குரல் வேண்டும் என்று கேட்டதும் முதலில் வருவது அலங்காரம். "அந்திவானம் குங்குமம் பூசிக்கொண்டது" என்று எல்லாப் பத்தியும் பூக்கும். பக்கத்துக்கு ஓர் உவமை என்று வரம்பு வையுங்கள். அதுவும் தன் வீட்டிலோ தெருவிலோ பார்த்த பொருளாக இருக்க வேண்டும். அடுத்தது சினிமா வசனம். திரையில் கேட்ட நடையைத் தன் நடை என்று நம்பி எழுதுவார்கள். தடுக்க வேண்டாம். "இதை உன் பாட்டியிடம் இப்படியே சொல்வாயா?" என்று கேட்டால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பெற்றோர் எழுதித் தருவதும், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தட்டச்சு செய்து வாங்கி வருவதும் நடக்கிறது. அதில் வரும் தமிழ் வழுவழுப்பாக இருக்கும், ஊரும் நாளும் இருக்காது. கண்டுபிடித்துத் தண்டிப்பதைவிட, குறிப்பு எடுப்பதையும் முதல் வரைவையும் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது. வீட்டில் செய்ய வேண்டியது போய்ப் பார்ப்பதும் கேட்டு வருவதும் மட்டும்.

பிறர் நடையைப் பார்த்து எழுதிப் பழகுவதும் தப்பில்லை. பாடநூலில் பிடித்த ஓர் உரைநடைப் பத்தியை எடுத்து, அதன் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றி எழுதலாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே எழுத்தாளரை எடுக்காமல் நாலைந்து பேரை மாற்றி மாற்றி எடுத்தால், எது தனக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பொதுத்தேர்வில் இதெல்லாம் செல்லுமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. செல்லும், வடிவத்தை உடைக்காத வரை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். அந்தக் கணக்கில் 8 மதிப்பெண் கட்டுரைக்கு ஏறக்குறைய 15 நிமிடம் கிடைக்கும். வினாவில் குறிப்புகள் கொடுத்திருந்தால் அவற்றை அதே வரிசையில் துணைத்தலைப்புகளாக எழுதி அடிக்கோடிட வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது. திருத்துபவர் முதலில் தேடுவது அதைத்தான். தலைப்பை எழுதும் முன் 2 நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் தான் கண்ட ஒரு செய்தியை மனத்துக்குள் எடுத்துவைத்துக்கொள்ளட்டும். முன்னுரை மூன்று வரி, முடிவுரை மூன்று வரி. இடையில் ஒவ்வொரு துணைத்தலைப்பின் கீழும் ஐந்தாறு வரி; அதில் ஒரு வரியாவது வேறு யாரும் எழுதியிருக்க முடியாததாக இருக்க வேண்டும். பேச்சு வழக்கு மேற்கோள் குறிக்குள் ஒரே ஓர் இடத்தில் வரலாம், அதற்கு மேல் வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொல்லலாம். தன் பெயர், பள்ளியின் பெயர், தேர்வு எண் ஆகியவற்றைக் கட்டுரைக்குள் எழுதக் கூடாது. கடைசி 2 நிமிடம் துணைத்தலைப்புகளை எண்ணிப் பார்க்கவும், ல, ள, ழ, ர, ற, ன, ண பிழைகளைச் சரிபார்க்கவும்.